பன்னிரண்டு வயதுக் காருக்கு ஏற்ற எண்ணெய்

"வயசுக்குத் தகுந்த மாதிரி குடுக்கறதுதானே முறை?"

"அப்படிக் குடுக்க அது என்ன புள்ளையா மாமா? காரு."

"காரா இருந்தா என்ன? அதுக்கும் பன்னெண்டு வயசாச்சு. கைக்குழந்தைக்குக் குடுக்கற சொட்டு மருந்தைப் பன்னெண்டு வயசுக்குக் குடுத்தா வேலை செய்யுமா? வயசு ஏற ஏற மருந்தும் கனமாகணும்."

"எவ்வளவு கனமா ஊத்தினீங்க?"

மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணினார். தட்டில் கிடந்த வெள்ளை மாத்திரைகளை ஐந்து ஐந்தாக ஒதுக்கி, முப்பதில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எண்ணிக்கை தவறியதால் அல்ல. கேள்வி தானாகவே களைத்துப்போய்க் கடையை விட்டு இறங்கிவிடும் என்ற நம்பிக்கையில்.

கேட்டவள் இறங்குகிற ஆள் இல்லை. அவருடைய மனைவியின் தங்கை அவள். முப்பத்தொரு வயது. தெருவின் எதிர்ச்சாரியில், மருந்துக்கடைக்கு நேர் எதிராக, எட்டு மாதங்களுக்கு முன் கார் பட்டறை திறந்தவள். வீட்டில் கடைக்குட்டி என்பதால் தவழ்ந்த காலத்திலேயே வாண்டு என்று பெயர் விழுந்து, அது அவளோடு வளர்ந்து, பட்டறை வைத்த பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. தீக்காயத்துக்குக் களிம்பு வாங்கத்தான் வந்தாள். களிம்பு கைக்கு வந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது.

"டுவென்டி ஃபிஃப்டி," என்றார் மாமா, மாத்திரைகளைப் பார்த்து.

வாண்டு களிம்புக் குழாயை மேசைமேல் வைத்தாள். "மாமா! அது நம்ம வண்டிக்கு எண்ணெய் இல்ல, தார். யார் சொல்லி ஊத்தினீங்க?"

"யார் சொல்லணும்? காலையில ஸ்டார்ட் பண்ணா டகடகன்னு ஒரு சத்தம். அப்படின்னா எண்ணெய் தண்ணியாயிடுச்சு. பெரிய பட்டறையில அடுத்த மாசம்தான் வரச் சொன்னாங்க. அதுவரைக்கும் நோயாளியை வாசல்லயே நிக்க வைக்க முடியுமா? போன ஞாயித்துக்கிழமை வீடியோ பாத்து நானே மாத்திட்டேன். மூணு லிட்டர் நானூறு மில்லி. ஒரு சொட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"எதுல அளந்தீங்க?"

"சிரப் அளக்கற குடுவையில."

"அது நூறு மில்லிக் குடுவையாச்சே."

"முப்பத்து நாலு தடவை," என்றார் மாமா, பெருமை கொஞ்சமும் குறையாமல்.

வாண்டுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி மூக்கு வரை வந்துவிட்டது. அளவில் இம்மி பிசகாமல் தப்பான மருந்தைக் கொடுக்க உலகத்தில் இவர் ஒருவரால்தான் முடியும். "சரி, சத்தம் போச்சா?"

"குறைஞ்சிருக்கு."

"கூடியிருக்கு. முன்னாடி நாலு எண்ணுறதுக்குள்ள நின்னுடும். இப்போ பதினொண்ணு. தினம் காலையில எதிர்ல உக்காந்து நான்தான் எண்ணிட்டிருக்கேனே."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இல்ல மாமா. அதுதான் பிரச்சனையே."

விளையாட்டாகச் சொன்னதுபோலத்தான் சொன்னாள். ஆனால் இருவரும் ஒரு கணம் எதிர்ப்புறம் திரும்பிப் பார்த்தார்கள். பட்டறையின் ஷட்டர் முழுதாகத் தூக்கியிருந்தது. உள்ளே தரை கண்ணாடிபோலச் சுத்தமாக இருந்தது. சுவரில் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தொங்கின. கார் மட்டும் இல்லை.

"வண்டியை என்கிட்ட விடுங்க மாமா. இதை வடிச்சுட்டு ஜீரோ டுவென்டி ஊத்தறேன். பஞ்சு மாதிரி ஓடும்."

மாமா புன்னகைத்தார். கையை மட்டும் பின்னால் நீட்டி, அலமாரியின் மூன்றாவது தட்டிலிருந்து ஒரு சின்ன மாத்திரைக் குப்பியை எடுத்தார். அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார். கிலுக், கிலுக்.

வாண்டு களிம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அந்தக் குப்பிக்குள் இருந்தது மாத்திரை அல்ல, ஒரு திருகாணி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், அக்காவின் கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரத்தை ஒன்பது வயது வாண்டு ஒரு மத்தியானத்தில் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினாள். அன்று சாயங்காலமே திரும்பப் பூட்டியும் விட்டாள். கடிகாரம் ஓடியது, இன்றுவரை ஒரு நிமிடம் பிந்தாமல் ஓடுகிறது. ஆனால் தரையில் ஒரு திருகாணி மிஞ்சிக் கிடந்தது. புது மாப்பிள்ளை அதைப் பொறுக்கிக் குப்பியில் போட்டு, தன் முத்துப்போன்ற கையெழுத்தில் 'மீதி' என்று எழுதி ஒட்டினார். மாமனுக்கும் கொழுந்தியாளுக்கும் கேலி பேச ஒரு சாக்கு வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குப்பி போதுமானதாக இருந்தது.

கேலியாக மட்டும் இருந்திருந்தால் வாண்டு கவலைப்பட்டிருக்க மாட்டாள். கேலி அவளுக்கும் வரும். மாமா எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டுகிற ஆள். வீட்டில் சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை – தேவைக்கு மட்டும்' என்றும், குளியலறைக் கதவில் 'உள்ளிருந்து தாழிடவும்' என்றும் லேபிள் உண்டு. "அக்கா நெத்தியில எப்போ மாமா ஒட்டப் போறீங்க? 'உணவுக்கு முன் பேச வேண்டாம்'னு?" என்று கேட்டு அவரை அசடு வழிய வைத்தவள் அவள்தான்.

கவலை வேறு. மருந்துக்கடைக்கு மேல்மாடியில்தான் அக்கா வீடு; மாமாவின் வெள்ளைக் கார் இரவும் பகலும் கடை வாசலில் நிற்கும். தெரு முழுக்க அதைப் பார்க்கும். அந்தக் கார் வருடத்துக்கு இரண்டு முறை, எதிரே திறந்து கிடக்கும் பட்டறையைத் தாண்டி, ஊர்க்கோடியில் இருக்கும் பெரிய பட்டறைக்குப் போவதையும் தெரு முழுக்கப் பார்க்கும். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதை வாய்விட்டே சொல்லிவிட்டார். "தப்பா எடுத்துக்காதேம்மா வாண்டு. உங்க மாமா வண்டி என்னைக்கு உன் பட்டறைக்குள்ள நிக்குதோ, மறுநாளே என் வண்டியும் நிக்கும். சொந்த மாமாவே யோசிக்கிறப்போ நான் எப்படி?" அவர் மட்டுமா? சொல்லாதவர்களும் அதைத்தான் நினைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒன்றை நம்பினால் அந்தத் தெரு அதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும். அவர் நம்பாதது ஒன்று அவர் வாசலுக்கு எதிரேயே இருந்தது. இப்படியே போனால் இன்னும் நாலு மாதத்தில் பட்டறையை மூடிவிட்டுப் பழையபடி யாரிடமாவது வேலைக்குப் போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுச் சமையலறையில் வாண்டு இரண்டு மருந்துக் குப்பிகளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?" என்றாள் அக்கா. அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். பகல் முழுக்க மற்றவர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதுவது அவள் வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை.

"மாமா ஊத்தின எண்ணெய்ல மிச்சம் இருந்தது ஒண்ணுல. நான் சொல்ற எண்ணெய் இன்னொண்ணுல. ராத்திரி உன் ஃபிரிட்ஜ்ல வச்சு காலையில பாக்கப் போறோம்."

"என் ஃபிரிட்ஜ்லயா? பால் பக்கத்துலயா?"

"கடை ஃபிரிட்ஜ்ல வைக்கட்டுமான்னு கேட்டேன். ஊசி மருந்து வைக்கற இடத்துல காலடி வச்சா கால் இருக்காதுன்னுட்டாரு."

மாமா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "ரெண்டு குப்பியும் ஒரே அளவா? ரெண்டுலயும் ஒரே மில்லியா? இல்லைன்னா சோதனை செல்லாது."

"வந்து நீங்களே ஊத்துங்க மாமா. எனக்கு அவ்வளவு கை வராது."

இதைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்து, குனிந்து, கண்மட்டத்தில் கோடு பார்த்து ஊற்றினார். ஒன்றில் 'அ' என்றும் மற்றதில் 'ஆ' என்றும் லேபிள் ஒட்டினார். சோதனை என்று வந்துவிட்டால் அவருக்கு எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்பதே மறந்துவிடும். வாண்டு தன் வலையை விரித்ததே அந்த இடத்தில்தான்.

சனிக்கிழமை விடியலில் மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஜன்னலில் பனி படிந்திருந்தது. வாண்டு சட்டைப்பையிலிருந்து இரண்டு சின்ன இரும்புக் குண்டுகளை எடுத்தாள். சைக்கிள் சக்கரத்துக்குள் உருளுமே, அந்த மாதிரிக் குண்டு. முதலில் 'ஆ'வில் போட்டாள். கண் இமைப்பதற்குள் அடியில் போய் டிக் என்றது. அடுத்து 'அ'வில் போட்டாள். குண்டு நடுவழியில் ஏதோ யோசிப்பதுபோல இறங்கியது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அக்கா எண்ணினாள். நாலுக்குத்தான் டிக்.

"இது உங்க எண்ணெய் மாமா. ராத்திரி முழுக்க வண்டி நிக்கறப்போ எண்ணெய் மொத்தமும் அடியில இறங்கிடும். காலையில மேல ஏறணும். ஏறுற வரைக்கும் மேல இருக்கற இரும்பெல்லாம் காய்ஞ்சு கிடந்து டகடகன்னு கத்தும். இது இந்த வேகத்துல ஏறினா பாவம், அது எவ்வளவு நேரம் கத்தும்? டுவென்டின்னு முன்னாடி இருக்கே, அந்த நம்பர்தான் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்றது. சின்ன நம்பரா இருந்தா சீக்கிரம் ஓடும்."

மாமா 'அ' குப்பியை எடுத்து, சாய்த்து, மறுபக்கம் சாய்த்தார். அவர் முகத்தில் வலி தெரிந்தது. கெட்டியான மருந்து குளிர்காலத்தில் குப்பியை விட்டு இறங்காமல் படுத்தும் பாடு அவருக்குத் தெரியாததா? ஆனால் அவ்வளவு சுலபத்தில் மூக்குடைபட அவர் தயாராக இல்லை.

"குளிர்ல சரி. பின்னாடி இருக்கற நம்பர் எதுக்கு?"

"அது சூட்ல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு."

"அப்போ சூடு பண்ணு."

கொதித்து இறக்கிய வெந்நீரில் இரண்டு குப்பிகளையும் கால்மணி நேரம் நிறுத்தினார்கள். பிறகு மாமா துணியால் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். 'அ' கண்ணாடியில் மெல்லிய திரைபோலப் படிந்து, நிதானமாக இறங்கியது. 'ஆ' தண்ணீராக ஓடியது.

"பாத்தியா!" என்றார் மாமா. வீடே அதிர்ந்தது. "உன் எண்ணெய் சூட்ல பச்சைத் தண்ணி. பன்னெண்டு வருஷம் தேய்ஞ்ச இன்ஜினுக்கு இதையா குடுக்கச் சொல்றே? சரி, நான் ஒண்ணு கேக்கறேன். நோயாளியைப் பாத்தியா? பானெட்டைத் திறந்து ஒரு தடவையாவது பாத்தியா? தெருவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து மருந்து எழுதற டாக்டரை இப்போதான் பாக்கறேன்."

"நீங்க திறக்க விட்டாத்தானே பாக்க? இந்த மாடலுக்கு இதுதான் ஊத்துவாங்க. நான் வேலை பாத்த இடத்துல நூறு வண்டிக்கு ஊத்தியிருக்கேன்."

"அதெல்லாம் புது வண்டி."

அதெல்லாம் புது வண்டிதான். இந்த மாடலுக்குக் கம்பெனி நடுவில் எப்போதோ இன்ஜினை மாற்றியது என்று யாரோ சொன்னது வாண்டுவின் மூளையின் ஒரு மூலையில் லேசாக அசைந்தது. அதை அங்கேயே உட்கார வைத்தாள்.

அக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "வியாழக்கிழமை நீங்க சொன்னது, 'வயசு ஏற ஏற மருந்தும் கனமாகணும்.' அன்னைக்கே இவ சொன்னது, 'பஞ்சு மாதிரி ஓடும்.' இவ வந்து ஒப்பிச்சாளே, குறிச்சு வச்சிருக்கேன். ரெண்டு பேரும் ரெண்டு நாளா வாதாடுறீங்க. சாட்சியை மட்டும் யாரும் கூப்பிடலை. அந்தக் காரோட வந்த புஸ்தகம் எங்கே?"

மாமாவின் குரல் இறங்கியது. "டேஷ்போர்டு அறையில இருக்கு. ஆனா..."

"ஆனா?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு இருமல் மருந்து பாட்டில் அதுமேல கொட்டிடுச்சு."

புத்தகம் வந்தது. செங்கல் மாதிரி இருந்தது. நடுவில் நாற்பது பக்கங்கள் ஒன்றாக இறுகி, பிரிக்கப் பார்த்தால் கிழிந்தன. இன்னும் லேசாகச் செர்ரி வாசனை வந்தது.

"அதுக்காவது இருமல் நின்னிருக்கும்," என்றாள் வாண்டு.

அக்கா சிரித்தாள். மாமா சிரிக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார், தோள் மட்டும் குலுங்கியது. அந்தச் சிரிப்பின் ஓரத்தில்தான் அவர் இறங்கி வந்தார். காரைப் பட்டறைக்குள் விட்டுத் திறந்து பார்க்கச் சம்மதம். ஆனால் நிபந்தனை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரு அடங்கிய நேரம். ஷட்டர் இறங்கியிருக்க வேண்டும். ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது.

"ஏன் மாமா?"

"பதினெட்டு வருஷமா இந்தத் தெரு என் அளவை நம்பி வாயைத் திறக்குது. 'கார்ல தப்பான எண்ணெயை ஊத்தினவன்'னு தெரிஞ்சா நாளைக்கு மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க."

கார் வந்தும் தெருவுக்குத் தெரியாவிட்டால் அது வந்தும் வராததுதான். ஆனால் எட்டு மாதம் காத்திருந்தவள் வாசல்வரை வந்த காரைத் திருப்பி அனுப்புவாளா? சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிறு மத்தியானம் வெயிலில் சூடே இல்லை. கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. சத்தம் கேட்டுவிடும் என்று மாமா இன்ஜினைப் போட விடவில்லை. அக்கா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க, மாமாவும் வாண்டும் பின்னாலிருந்து தள்ளினார்கள். தெருவைக் கடக்க இருபதடி. அதற்குள் மாமா மூன்று தடவை நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மாமா, நம்ம காரை நாமளே திருடற மாதிரி இருக்கு."

"பேசாம தள்ளு."

"அக்கா, இதையும் குறிச்சுக்கோ."

கார் உள்ளே வந்ததும் வாண்டு ஷட்டரை இழுத்துவிட்டாள். பின்பக்கக் கதவைத் திறந்து, புகை வெளியேற மின்விசிறியைப் போட்டாள். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைக் கார் புதுப் பெண்போலக் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றது. தான் திறந்த பட்டறைக்குள் சொந்தக்காரர் வண்டி ஒன்று நிற்பதை அவள் ஒரு முழு நிமிடம் சும்மா பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள்.

எண்ணெய் ஊற்றுகிற இடத்து மூடியின்மேல் ஒரு லேபிள். வட்டமாக வெட்டி, ஓரம் தூக்காமல் ஒட்டியிருந்தது. முத்துப்போன்ற கையெழுத்து: 'இன்ஜின் ஆயில். உட்கொள்ள அல்ல.'

வாண்டு அதை இரண்டு முறை படித்தாள். "மாமா, யார் மாமா இதைத் திறந்து குடிக்கப் போறாங்க?"

"எழுதி வைக்கறது நல்லது. போன வாரம் எண்ணெய் மாத்தினதும் ஒட்டினேன்."

"எப்பவும் மூடியில ஏதாவது அச்சடிச்சிருப்பாங்களே. ஒட்டறதுக்கு முன்னாடி இதுமேல எதுவும் இல்லையா?"

"ஏதோ நம்பர் இருந்தது. மருந்து அட்டையில இருக்குமே, அந்த மாதிரி பேட்ச் நம்பர். அதை யார் பாக்கப் போறாங்கன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவரின் கண் லேபிளுக்குப் போனது. வாண்டு நகத்தால் லேபிளின் ஓரத்தைக் கிளப்பினாள். நல்ல பசை, பிடிவாதமாக வந்தது. உரித்ததை மாமாவின் கையில் கொடுத்தாள். அடியில், பிளாஸ்டிக்கில் மேடாகப் பதிந்து, விரலால் தடவினாலே தெரிகிற மாதிரி இருந்தது: 5W-30.

இருபதும் இல்லை, ஐம்பதும் இல்லை. சைபரும் இல்லை. மாமா சொன்னதும் இல்லை, வாண்டு சொன்னதும் இல்லை. பன்னிரண்டு வருடமாகக் கார் தன் மருந்துச் சீட்டைத் தலையிலேயே சுமந்துகொண்டிருந்தது. ஒருவர் அதன்மேல் லேபிள் ஒட்டினார். இன்னொருத்தி அதைப் பார்க்காமலே இன்னொரு சீட்டு எழுதினாள்.

"குறிச்சாச்சு," என்றாள் அக்கா, ஸ்டூலில் உட்கார்ந்தபடி. கையில் நோட்டு எதுவும் இல்லை.

வாண்டுக்குக் காது சூடானது. மாமா இப்போது தாராளமாகச் சிரிக்கலாம். 'ஜீரோ டுவென்டி டாக்டரம்மா' என்று இன்னும் இருபத்திரண்டு வருடத்துக்குக் கூப்பிடலாம். அதற்கு முன் தானே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

"நானும் தப்புதான் மாமா. இது பழைய இன்ஜின். பாக்காமலே சொல்லிட்டேன். நீங்க கேட்டது சரி. நோயாளியைப் பாத்திருக்கணும்."

மாமா பையில் கையை விட்டார். குப்பி வருகிறது என்று நினைத்தாள். வந்தது கைக்குட்டை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "முப்பத்து நாலு தடவை அளந்தேன்," என்றார். "ஒரு தடவை படிக்கலை."

அதற்குமேல் வேலைதான் பேசியது. வாண்டு அலமாரியிலிருந்து சரியான டப்பாவை எடுத்து, லேபிளை அவரிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். அவர் உரக்கப் படித்தார். பிறகு காருக்கு அடியில் படுத்து வடிகால் நட்டைக் கழற்றினாள். இன்ஜின் ஆறிக் கிடந்ததால் மாமாவின் தார், கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி, வாசலில் நின்று நின்று இறங்கியது. முக்கால் மணி நேரம். டார்ச் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்த மாமா, "இது போற போக்கைப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு," என்றார்.

கழற்றிய ஒவ்வொன்றையும் அவள் ஒரு தட்டில் வரிசையாக வைத்தாள். நட்டு, பழைய வாஷர், பழைய ஃபில்டர். மாமாவின் கண் அந்தத் தட்டை விட்டு அகலவில்லை. புது ஃபில்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி நிரப்பிப் பூட்டினாள். புது வாஷரோடு நட்டை முறுக்கினாள். எண்ணெய் ஊற்றும்போது, "அளவை நீங்க பாருங்க மாமா," என்று குடுவையை அவரிடம் கொடுத்தாள். நூறு மில்லிக் குடுவை அல்ல, அவளுடைய இரண்டு லிட்டர்க் குடுவை. அவர் கண்மட்டத்தில் கோடு பார்த்தார். முகம் பழையபடி மலர்ந்தது.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணியபோது ஆறு எண்ணும்வரை டகடக என்றது. மாமா புருவத்தைத் தூக்கினார்.

"இது கணக்குல வராது. எண்ணெய் இப்போதான் உள்ளயே போகுது. அணைச்சுட்டு அது ஆறட்டும். அடுத்ததுதான் கணக்கு."

"குறிச்சுக்கறேன்," என்றாள் அக்கா.

பிளாஸ்கில் கொண்டுவந்த காபியை மூவரும் காரைச் சுற்றி நின்று குடித்தார்கள். வாண்டு எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு உருவிக் காட்டினாள். இரண்டு கோட்டுக்கு நடுவே, தேன்நிறத்தில் சரியாக நின்றது. ஒரு மணி நேரம் கழித்து அக்கா சாவியைத் திருப்பினாள்.

ஒண்ணு. ரெண்டு.

அவ்வளவுதான். இன்ஜின் பூனைபோலக் குறுகுறுக்க ஆரம்பித்தது. மாமா மூன்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தார். பிறகு மெதுவாக நடந்து தட்டருகே போனார். பழைய வாஷர், பழைய ஃபில்டர். அந்த இரண்டும் தூக்கிப் போட வேண்டியவை. வேறு எதுவும் மிஞ்சவில்லை. தட்டைத் தூக்கி அடியிலும் பார்த்தார்.

"தேடுங்க மாமா. நல்லாத் தேடுங்க."

அவர் மறுபடி பையில் கையை விட்டார். இந்த முறை வந்தது குப்பிதான். குலுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லேபிளில் 'மீதி' என்ற எழுத்து பழுப்பேறியிருந்தது.

அப்போதுதான் ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

மாமா சட்டென்று அக்காவிடம் சைகை காட்டினார். அக்கா இன்ஜினை அணைத்தாள்.

"வாண்டு, உள்ள இருக்கியாம்மா?" மூக்குக்கண்ணாடிக்காரரின் குரல். "கடையில ஒரு சாமானை மறந்துட்டுப் போயிட்டேன்னு வந்தேன். ஏதோ வண்டி ஓடற சத்தம் கேட்டுச்சே. நல்லா சீரா ஓடுது. யாரு வண்டி அது?"

மாமா உதட்டில் விரலை வைத்தார். வாண்டு ஷட்டர்க் கைப்பிடியருகே போய் நின்றாள். கதவுக்கும் தரைக்கும் இடையே இருந்த விரலளவு இடைவெளியில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. அது நகர்வதாக இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கார், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அக்கா, மூடியிலிருந்து உரித்த லேபிள் இன்னும் கட்டைவிரலில் ஒட்டியிருக்க ஒரு கையில் குப்பியோடு மாமா. எல்லோரும் ஒரே விளக்கின் கீழ் இருந்தார்கள். எட்டு மாதமாக அவள் மனதில் பார்த்துவந்த படத்தில் இதெல்லாம் இருந்தது. அந்தப் படத்தில் வெளிச்சம் மட்டும் வேறு பக்கமிருந்து, திறந்த ஷட்டர் வழியாகத் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"மாமா," என்றாள், குரலைத் தாழ்த்தி. இந்தத் தடவை கேலி இல்லை. "தப்பான எண்ணெய்னு ஒரு வார்த்தை என் வாயில வராது. எண்ணெய் மாத்த வந்திருக்கீங்க, அவ்வளவுதான். ஷட்டரைத் தூக்கட்டுமா?"